தலைமைத்துவப் பாடம்: கங்காணியைக் கண்டவர்களுக்கு எதற்கு?

கேள்வி – தலவாக்கலை வாசகர், 2025 ஜனவரி 18

வணிக முகாமைத்துவம், இரண்டாம் வருடம். அடுத்த செமஸ்டருக்குத் தலைமைத்துவம், வரிவிதிப்பு ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தலைமைத்துவத்தைப் படித்து எவரும் தலைவரானதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாற்பது பேரை வேலை வாங்குகிறார். இந்தப் பாடம் வீண் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 18, இரவு

மறுக்கிறேன். வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். சம்பளத்தில் பிடிக்கத் தொடங்கியதும் தானாக விளங்கிவிடும். தலைமைத்துவத்தை எடுங்கள். அந்தப் பாடம் யாரையும் தலைவராக்காது என்பதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. உங்கள் கங்காணி எதை வைத்து நாற்பது பேரை வேலை வாங்குகிறார் என்று பிரித்துப் பார்க்க அது உதவும். அதற்காக எடுக்கலாம்.

நான் அதைப் படித்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். அப்பாவின் அப்பா சில்லறைக் கங்காணி, அதாவது பெரிய கங்காணிக்குக் கீழே இருந்தவர். இப்போது ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் ஐந்து பேரை வேலை வாங்கும் உத்தியோகம். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு இவ்வளவுதான்.

2025 ஜனவரி 19

கங்காணியையே எடுத்துக்கொள்வோம். பிரெஞ்ச், ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் 1959இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒருவர் இன்னொருவர் மேல் செலுத்தும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது? ஐந்து ஊற்றுகளைக் காட்டினார்கள்: பதவி, கொடுக்கும் கை, தண்டிக்கும் கை, தொழிலறிவு, ஆளின் மேலுள்ள மதிப்பு. ஐந்தும் நமது மலையில் நிற்கின்றன. பதவியைத் தோட்டம் கொடுத்தது. கொழுந்து அடர்ந்த நிரையை, அதாவது செடி வரிசையை, யாருக்குக் கொடுப்பது என்பது கொடுக்கும் கை. பறித்த கிலோ குறைந்தவளுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடச் சொல்வது தண்டிக்கும் கை. எந்த மலையில் எத்தனை நாள் கழித்து மறுபடி ஆள் இறக்குவது, எது கவ்வாத்துக்கு, அதாவது செடியை வெட்டிவிடுவதற்கு, காத்திருக்கிறது என்பதெல்லாம் தொழிலறிவு. இழவு வீட்டில் முதல் ஆளாக வந்து நிற்பதும், திருவிழாக் கணக்கைச் சுத்தமாக ஒப்படைப்பதும் மதிப்பைத் தருகின்றன.

பழைய பெரிய கங்காணிமாரிடம் ஆறாவதாக ஒன்றும் இருந்தது: கடன். தமிழ்நாட்டுக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திடம் தனிக்காசு வாங்கினார்கள். கடன் தொகை எழுதிய துண்டோடு ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. வகுப்பில் இதைக் கேட்டேன். கடனையும் தண்டிக்கும் கையில் சேர்த்துவிடலாம் என்றார் விரிவுரையாளர். கடன் கொடுத்தவனைத் திட்டிக்கொண்டே கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை அவனுக்கு வைத்த ஜனங்கள் ஐயா நாங்கள், அதை எங்கே சேர்ப்பது என்றேன். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

2025 ஜனவரி 19, சற்றுப் பின்

பதுளைத் தம்பி கேட்கிறார்: "அப்படியானால் கங்காணி தலைவரே இல்லை, வெறும் அதிகாரி என்கிறீர்களா அக்கா?"

காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது அதிகாரி. மழை இறங்குகிறது, காலில் அட்டை ஏறுகிறது, துரை (தோட்ட மேலாளர்) பக்கத்தில் இல்லை. ஆட்களை மலையிலிருந்து கீழே இறக்குவதா, அடுத்த நிறுவை வரை பொறுப்பதா என்று தன் பொறுப்பில் முடிவெடுக்கும்போது தலைவர். ஒரே ஆள், ஒரே நாள்.

2025 ஜனவரி 23

லூயினின் ஆய்வு தேர்வுக்கு வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். வராத வருடத்தை நான் பார்க்கவில்லை.

லூயின், லிப்பிட், வைட் மூவரும் 1939இல் வெளியிட்டது. அமெரிக்காவின் அயோவாவில் பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்வது போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் ஆணையிட்டு நடத்துவார், ஒருவர் கலந்து பேசி நடத்துவார், ஒருவர் போக்குக்கு விட்டுவிடுவார். ஆணையிட்டவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை படுத்துவிட்டது. கலந்து பேசியவர் போன பிறகும் வேலை பெரும்பாலும் ஓடியது. இதை எழுதி, அனுகூலம் பிரதிகூலம் நாலு வரி சேர்த்தால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

எனக்கு அதற்கு மேல் ஒன்று உறுத்தியது. அம்மாவிடம் கேட்டேன்: துரையின் மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்ததும் உங்கள் கை நிற்குமா? "நின்றால் நிறுவைக்கு எதைக் கொண்டு போவது?" என்றார். பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் ஏதோ ஓர் எண் உண்டு. அது நிரம்பாவிட்டால் முழுப் பேர் விழாது. அயோவாப் பையன்களிடம் தராசு இல்லை. அம்மாவின் நாளை நடத்தியது துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தொங்கிய தராசு.

கெர், ஜெர்மியர் என்ற இருவர் 1978இல் இதைத்தான் எழுதினார்கள். வேலை ஒரே மாதிரியானது, செய்த அளவு செய்பவருக்கே தெரிகிறது, விதி இறுகியிருக்கிறது என்றால் தலைவர் செய்ய வேண்டிய காரியத்தில் பெரும்பகுதியை அவையே செய்துவிடும். தலைமைக்கான பதிலீடுகள் என்று பெயர். எங்கள் பாடநூலில் இதற்கு அரைப் பக்கம். மலையகத்தில் அச்சிட்டிருந்தால் முதல் அத்தியாயமே இதுதான்.

தராசு நியாயமானது என்று சொல்ல வரவில்லை. ஈரக் கழிவு, சாக்குக் கழிவு என்று நிறையில் வெட்டுகிறவர் ஒருவர் அதன் பக்கத்தில் நிற்கிறார். தோட்டத்தில் உண்மையான அதிகாரம் யாரிடம் என்று தேடுகிறவர்கள், இன்றைக்குக் கழிவு எத்தனை கிலோ என்று முடிவு செய்பவரைப் பிடித்தால் போதும்.

2025 ஜனவரி 24

மஸ்கெலியாவிலிருந்து ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர் ஐயா ஒருவர் கோபப்பட்டிருக்கிறார்: இலத்திரனியல் தராசு வந்துவிட்டது, கழிவெல்லாம் பழைய கதை என்று. ஐயா, தராசு பற்றரியில் ஓடுகிறது. கழிவை இன்னும் வாயால்தான் சொல்கிறார்கள்.

2025 பெப்ரவரி 2

குழு ஒப்படையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அந்தப் பாடத்தில் தலைமை என்பது நிஜமாக நடந்த இடம் அதுதான்.

எங்கள் குழுவில் ஆறு பேர். முதல் சந்திப்பிலேயே ஒரு கொழும்புப் பையன் தலைவரானான். வாக்கெடுப்பு எதுவும் இல்லை. அவன் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினான், நிறுத்தவில்லை, தலைவரானான். ஒரு குழுவில் அதிக நேரம் பேசுபவரை, பேச்சின் தரம் எப்படியிருந்தாலும், மற்றவர்கள் தலைவராக எண்ணத் தொடங்குகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அதை நாங்கள் படித்தபோது ஒப்படை கொடுத்து முடிந்திருந்தது.

தோட்டப் பாடசாலையில் தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு ஆங்கில மொழிமூலத்தில் விழுந்தவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லி விளங்க வைக்க முடியாது. வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி, காலம் சரியா என்று பார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விடயத்துக்குப் போய்விடும். பொகவந்தலாவையிலிருந்து வந்த ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். நேர்காணல் எடுத்தது, அட்டவணை போட்டது, இரவிரவாக இருந்து பிழை திருத்தியது எல்லாம் அவள். விளக்கவுரை அன்று அவள் பங்குக்கு வந்தது "நன்றி" என்ற கடைசி ஸ்லைடு. மதிப்பீட்டுத் தாளில் "தலைமைப் பண்பு" என்ற கட்டத்தில் பத்துக்கு நான்கு. தலைமைத்துவப் பாடத்திலேயே.

ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்த பங்கு, தனியாக இழுத்தால் வரும் பலத்தில் பாதிக்குச் சற்றுக் கீழே. ஒரு பகுதி, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வந்த நட்டம். மற்றது சோம்பல். 1979இல் லாட்டானேயும் கூட்டாளிகளும் கைதட்ட வைத்து, கத்த வைத்து அதே சோம்பலைக் கண்டார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரிந்தால் சோம்பல் குறைகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. கொழுந்து மடுவத்தில் ஆளுக்கு ஆள் நிறுப்பது ஏன் என்று அந்த இடத்தில் விளங்கியது; அதை நினைத்துக் கொஞ்சம் கசப்பாகவும் இருந்தது.

அடுத்த செமஸ்டரில் வேறு குழுவில் ஒன்று செய்து பார்த்தோம். பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் யோசனையை அரைப் பக்கம் எழுதி மேசையில் வைக்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். வாசித்த பிறகே பேச்சு. ஆங்கிலம் ஓடாதவர்களின் யோசனை அப்போதுதான் மேசைக்கு வந்தது. ஒரு சிங்கள மாணவனும் எங்களைப் போலவே ஆங்கிலத்துக்குப் பயந்துகொண்டிருந்தான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எந்தக் கோட்பாட்டை விடவும் இந்த ஒரு வழக்கத்தைப் பரிந்துரைக்கிறேன்.

2025 பெப்ரவரி 3

"அந்தக் கொழும்புப் பையன் இதைப் படித்தால் என்ன செய்வீர்கள்?" என்கிறார் நுவரெலியா வாசகி. படிக்கட்டும். இன்றும் நல்ல நண்பன். காப்புறுதி விற்கிறான். பேச்சை இன்னும் நிறுத்தவில்லை.

2025 பெப்ரவரி 9

உருமாற்றத் தலைமை. இந்தப் பாடத்தின் உற்சவ மூர்த்தி. எங்கள் ஸ்லைடுகளில் ஸ்டீவ் ஜொப்ஸ் வந்தார், மறுபடியும் வந்தார், பரீட்சைத் தாளிலும் வந்தார்.

மூலக் கருத்து மோசமில்லை. பர்ன்ஸ் என்ற அரசறிவியலாளர் 1978இல் தலைமையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று கொடுக்கல் வாங்கல்: நீ வாக்குப் போடு, நான் வேலை தருகிறேன். மற்றது தலைவரும் பின்வருபவர்களும் ஒருவரையொருவர் அறத்தில் மேலே தூக்குவது. காந்தியை அதற்கு உதாரணமாக வைத்தார். பாஸ் என்ற உளவியலாளர் 1985இல் இதை நிறுவனங்களுக்குக் கொண்டுவந்து, அளப்பதற்கு வினாக்கொத்தும் செய்தார். வரும் வழியில் அறம் ஒழுகிவிட்டது என்பது என் எண்ணம். ஊழியர் எதிர்பார்த்ததற்கு மேல் உழைத்தால் தலைவர் உருமாற்றுபவர். பாஸே பிற்காலத்தில், போலி உருமாற்றத் தலைமை என்று ஒன்றைத் தனியாகப் பிரிக்க வேண்டி வந்தது.

பரீட்சையில் நான் ஜொப்ஸை விட்டுவிட்டுக் கோ. நடேசய்யரை எழுதினேன். தஞ்சாவூரிலிருந்து வந்த பத்திரிகைக்காரர். வெளியார் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி போல உள்ளே போய் நிலைமையைப் பார்த்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்தார். மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஆட்களை நிறுத்தினார். படிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் துண்டுப் பிரசுரத்தை விடப் பாட்டு போய்ச் சேரும் என்று கண்டுகொண்ட அந்த அம்மாளுக்குத்தான் நான் கூடுதலாக எழுதினேன். மதிப்பெண் குறையவில்லை. பக்க ஓரத்தில் சிவப்பு மையில் "யார் இவர்?" என்றிருந்தது.

2025 பெப்ரவரி 10

ஒரு பகலுக்குள் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எந்த வகை என்று இங்கே அடிதடியே நடந்திருக்கிறது. கட்சிச் சண்டையை லயத்து முச்சந்தியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன்.

1947இல் அவர் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் போனார். 1948 குடியுரிமைச் சட்டத்தோடு அவருடைய ஜனங்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள், மறு வருடம் வாக்கும் போயிற்று. 1978இல் அமைச்சரானார். இடையில் பெரும்பாலும் கையில் இருந்தவை தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் பேரமும். பாடநூல் கொடுக்கல் வாங்கல் தலைமையை இரண்டாந்தரமாகப் பேசுகிறது. வாக்கில்லாத கூட்டத்தின் தலைவருக்குப் பேரத்தை விட்டால் வேறு என்ன இருந்தது என்பது என் கேள்வி. பேரம் நன்றாக நடந்ததா, யாருக்கு நன்மையாக நடந்தது என்பது தனிக் கேள்வி. அதில் எனக்கும் முறைப்பாடுகள் உண்டு. ஆளின் குணத்தைப் பார்த்து வகை பிரிப்பதற்கு முன், அவர் முன்னால் திறந்திருந்த கதவுகளை எண்ணுங்கள்.

2025 பெப்ரவரி 16

வட்டவளையிலிருந்து ஒருவர்: "புதிய மெனேஜர் வந்ததும் எங்கள் தோட்டத்தில் விளைச்சல் ஏறியது. இது தலைமை இல்லாமல் வேறென்ன?"

மழை பெய்ததா என்று பாருங்கள். மைண்டலும் கூட்டாளிகளும் 1985இல் எழுதியதைத் தேடிப் படியுங்கள்: ஒரு நிறுவனம் மிக நன்றாகப் போனாலும் மிக மோசமாகப் போனாலும் ஜனங்கள் காரணத்தைத் தலைவர் தலையில் கட்டுகிறார்கள், நிலைமைகளை மறந்துவிடுகிறார்கள். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. செடி வெளுத்தது, கொழுந்து குறைந்தது. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் பொறுப்பிலிருந்த துரை கெட்டிக்காரர், ஆட்களோடும் நல்லவர். கணக்குப் புத்தகத்தில் அவர்தான் தோற்றவர். பிறகு உரம் வந்தது, வேறு ஆள் வந்தார், அவருக்கு மாலை.

2025 மார்ச் 1

முதல் நாள் எழுதியதில் ஒரு பங்கைத் தளர்த்துகிறேன். இந்தப் பாடம் யாரையும் தலைவராக்காது என்றேன். தலைவராக்காது, ஆனால் வேலை வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சில இடங்களில் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

1975இல் டான்சரோ, கிரேன், ஹாகா மூவரும் காட்டியது: ஒரு மேலாளர் தன் கீழுள்ள எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. சிலர் உள்வட்டம், மற்றவர்கள் வெளிவட்டம். வேலை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே வட்டம் விழுந்துவிடுகிறது. கங்காணி நிரை கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை: அவருக்கு வேண்டியவளுக்கு மடுவத்துக்குப் பக்கத்து நிரை, வேண்டாதவளுக்குப் பள்ளத்து நிரை. எங்கள் கிளையில் நிரை என்பது வசூல் பாதை. நகரத்துக்குள் சுற்றுபவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்; நோர்வூட்டுக்கு அப்பால் போகிறவர் பஸ்ஸுக்கு நின்று மழையில் நனைவார், வசூலும் குறையும், ஊக்கத்தொகையும் குறையும். அதனால் பாதைகளை மாதா மாதம் சீட்டுக் குலுக்கி மாற்றுகிறேன். ஆட்கள் முணுமுணுத்தார்கள், முக்கியமாக நகரப் பாதைக்காரர்.

பீட்லர் என்ற உளவியலாளரின் அளவுகோலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சேர்ந்து வேலை செய்யவே முடியாத ஒருவரை மனத்தில் நிறுத்தி, இனிமையானவரா இல்லையா, ஒத்துழைப்பவரா இல்லையா என்று ஒன்று முதல் எட்டு வரை மதிப்பிட வேண்டும். அவருக்கும் நல்ல மதிப்பெண் போடுகிறவர் உறவை நாடுபவர். குறைத்துப் போடுகிறவர் காரியத்தை நாடுபவர். நான் எங்கள் பழைய காசாளரை நினைத்துப் போட்டேன். எட்டு வரைக்கும் இடமிருந்தும் பேனா ஒன்றை விட்டு நகரவில்லை. பீட்லர் கணக்கில் நான் நெருக்கடிக்கு ஏற்றவள், அல்லது எல்லாம் சுமுகமாக இருக்கும் இடத்துக்கு ஏற்றவள். நடுத்தரமான இடத்தில் சரிவர மாட்டேன். கிளை நடுத்தரமான இடம்.

2025 மார்ச் 8

இன்று அலுவலகத்தில் மகளிர் தினக் கேக். ராகலை அக்கா ஜனவரியில் கேட்டதற்கு இப்போதுதான் வருகிறேன்: "பறிப்பவர்கள் நாங்கள், கங்காணி ஏன் ஆண்?"

எங்கள் பாடத்தில் பெண்களும் தலைமையும் என்று ஒரு வாரம் இருந்தது. இயக்குநர் சபைகளில் எத்தனை பெண்கள் என்ற விகிதத்தோடு தொடங்கி அதோடு முடிந்தது. தோட்டத்தில் கேள்வி அதைவிடக் கீழ்ப்படியில் தொடங்குகிறது. சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது. பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கங்காணி, கணக்கப்பிள்ளை, சங்கத்துத் தோட்டத் தலைவர் என்று மேலே போகப் போக ஆண்கள். சங்கத்தில் மாதர் தலைவி என்று ஒருவர் உண்டு. பேச்சுவார்த்தைக்கு அழைத்துப் போவார்கள். தேநீர் வரும் நேரத்தில் அவரைப் பார்ப்பார்கள். சில தோட்டங்களில் இப்போது பெண் கங்காணிகள் வந்திருக்கிறார்கள். நல்லதுதான். அவர்களும் அதே தராசுக்குப் பக்கத்தில்தான் நிற்கப் போகிறார்கள் என்பதால் நான் உடனே பட்டாசு கொளுத்தவில்லை. ஒன்று மட்டும் மாறும் என்று அம்மா சொல்கிறார்: மலையில் வயிற்றுவலி என்றால் காரணத்தை விளக்க வேண்டியிருக்காது.

2025 மார்ச் 15

ஒப்படைக்குத் தோட்டத் தலைமையை விடய ஆய்வாக எடுத்த மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

பீடத்தின் கடிதத்தாளில் அனுமதிக் கடிதம் வாங்கி முதலே துரைக்குக் கொடுங்கள். வெளியார் தோட்டத்துக்குள் வருவது நிர்வாகங்களுக்கு எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. வெளியாரை விடுங்கள்; சின்னத்துரை (உதவி மேலாளர்) வேலை பழக மடுல்கலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு 1936இல் வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் தொழிலாளர் பக்கம் சாய்ந்ததற்கு, மறு வருடம் ஆளுநர் அவரை நாடு கடத்தவே உத்தரவிட்டார்; உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது வேறு கதை. உங்களை நாடு கடத்த மாட்டார்கள். வாட்சர் கேற்றோடு திருப்பி அனுப்புவார்.

சம்பள நாளன்று போக வேண்டாம், யாருக்கும் நேரமிருக்காது. பெரட்டில் நின்று பாருங்கள், பிறகு கடைசி நிறுவைக்கு மடுவத்துக்குப் போங்கள். கங்காணியை மட்டும் பேட்டி கண்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அவர் சொன்ன அதே சம்பவத்தைப் பள்ளத்து நிரையில் நின்றவளிடமும் கேளுங்கள், அவர் பக்கத்தில் இல்லாதபோது. பெயர்களை மாற்றிவிடுங்கள், தோட்டத்தின் பெயரையும். வினாக்கொத்தை நேரே தமிழாக்கிக் கொடுத்தால் எல்லோரும் "ஆம்" என்றுதான் சொல்வார்கள். முந்தைய நாள் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஒலிப்பதிவுக்குச் சம்மதம் வாங்குங்கள். கூச்சப்பட்டால் கைபேசியை உள்ளே வைத்துவிட்டு இரவு வீடு வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள்.